தபேலாக்காரனை எட்டு பேடில் போட்ட கதை

மச்சான்,

உன் குரல் செய்தி எல்லாம் கேட்டேன், பதில் போடவில்லை, திட்டாதே. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, தம்பிக்கு விசா இன்னும் வரவில்லை, வெள்ளவத்தையில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. ஊர்ப் புதினம் அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்: எங்கள் இசைக்குழுவின் தபேலாக்காரனை எட்டு பேடுக்குள், அதாவது தட்டினால் லப்டொப்பில் சத்தம் வரும் எட்டு ரப்பர் சதுரத்துக்குள், போட்டுவிட்டேன்.

சிரிக்காதே. கல்யாண வீட்டுக்காரர் இப்போது தலையை எண்ணித்தான் காசு பேசுகிறார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு ரிசப்ஷனுக்குப் பேசினோம், மாப்பிள்ளையின் மாமா போனிலேயே, "தம்பி, இத்தனை பேர் எதுக்கு, லப்டொப் இருக்குத்தானே?" என்கிறார். அதனால் ஆக்காய் எம்பிகே மினி என்கிற சின்னக் கீபோர்ட் ஒன்று, பழையதுதான், மலிவாக வாங்கினேன். 25 கட்டை, எட்டு பேட், எட்டு நொப், ஒரு சின்ன ஜாய்ஸ்டிக். உனக்குத் தெரியும், அந்தப் பெட்டிக்குள் சத்தமே கிடையாது. எந்த நோட், எவ்வளவு வேகமாகத் தட்டினேன் என்று லப்டொப்புக்குக் கோள் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. 1983 என்றதும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஜூலைக் கலவரம் மட்டும்தான் ஞாபகம் வரும், இல்லையா? அதே வருடம் ஜனவரியில்தான் கலிஃபோர்னியாவில் ஒரு கண்காட்சியில் ப்ரொஃபெட்-600, ரோலண்ட் ஜூபிடர்-6 என்ற இரண்டு சிந்தசைசர்களை வயரால் இணைத்து, கருவிகள் இப்படிக் கோள் சொல்லும் மொழியான மிடியைக் காட்டினார்களாம். இதை அப்பாவிடம் சொன்னேன், அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சரி, அதை விடு.

எந்த நொப் எதை அசைக்கும் என்று இணைக்கிற மேப்பிங் பெரிய வித்தை இல்லை. ஏபிள்டன் என்கிற இசை மென்பொருளின் மிடி செட்டிங்ஸில் 'ரிமோட்' போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்க நொப்பைத் திருகினாலும் ஒன்றும் அசையாது. பிறகு கன்ட்ரோல்-எம், திரை நீலமாகும், வேண்டியதைத் தொட்டு நொப்பைத் திருப்பு, முடிந்தது. விசர் பிடிக்கிற இடம் வேறு. திரையில் வொலியூம் ஒரு இடம், நொப் இன்னொரு இடம், தொட்ட உடனே சத்தம் பாயும். டேக்ஓவர் மோடைப் 'பிக்-அப்'புக்கு மாற்றினால் நொப் அந்த அளவுக்கு வந்து சேரும் வரை எதுவும் அசையாது. மேடையில் அது இல்லாமல் வேலைக்கு ஆகாது. இந்த மேப்பிங் அந்த செட், அதாவது அந்தக் கோப்போடுதான் சேவ் ஆகும், புது செட் திறந்தால் எல்லாம் போச்சு, ஆகவே டெம்ப்ளேட்டாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

சத்தத்துக்கு நெட்டில் கிடைக்கிற தபேலா போதும் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் தபேலாக்காரனிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை, போனில் கோல் எடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து, தபேலாவும் சுத்தியலுமாக வந்து நிற்கிறான். "என்னை விக்கிறதென்றால் ஒழுங்கா வில். எவனோ ஒருத்தன்ட கையை என்ட இடத்தில வைக்காதே."

ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கரையோர ரயில் போய் முடியக் காத்திருந்து பதிந்தோம். நா, தின், தெ, கெ என்ற தபேலா அடிகள் ஒவ்வொன்றும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி. பேடைத் தட்டும் வேகம் 1 முதல் 127 வரை எண்ணாக வருமே, அதை மூன்றாகப் பிரித்து அடுக்கினால் மெல்லத் தட்டும்போது மெல்லத் தட்டிய சத்தமே வரும். உரத்த சத்தத்தின் வொலியூமைக் குறைத்த மாதிரி இருக்காது. நீளமாக ஒலிக்கிற தின், கை வைத்து அடைக்கிற தெ விழுந்ததும் அறுந்தாக வேண்டும். ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும்படி இரண்டையும் ஒரே சோக் குரூப்பில் போட்டேன், அறுந்தது.

பாயாவில், அதாவது இடக்கையால் வாசிக்கிற பெரிய தபேலாவில்தான் மாட்டினோம். மணிக்கட்டை அழுத்தி ஒரு வழுக்கு வழுக்குவானே, அது எந்தப் பேடிலும் வராது. பாயாவைத் தனி ட்ராக்கில் எடுத்து, ஜாய்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் பிட்ச் பெண்ட் ஆகும்படி, அதாவது சுருதி வளையும்படி, விட்டேன். நொப்புக்கு 128 படிதான், பெண்டுக்கு 16,384, ஆகவே படி தெரியாமல் வழுக்கும். அவன் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான், பெருவிரலை வைத்துப் பழகினான், தேநீர் ஆறுவதற்குள் என்னை விட நன்றாக வாசிக்கிறான்! எனக்கு அது பேட், அவனுக்கு அப்போதும் தபேலாதான்.

போகும்போது படியில் நின்று கேட்டான்: "நான் வராத கல்யாணத்தில என்ட சத்தத்துக்கு எவ்வளவு?"

முழுப் பங்கு என்றேன். இப்போது கிட்டார்க்காரன் என்னோடு கதைப்பதில்லை. வராத ஆளுக்கு எதுக்குக் காசு, ஒருமுறை பதிந்ததற்கு ஒருமுறை கொடுத்தால் போதாதா என்கிறான். கணக்குப்படி அவன் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் தபேலாக்காரன் வீட்டில் பிள்ளை ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறது, மச்சான். பங்கைக் குறைத்தால் அவன் வேறு வேலைக்குப் போவான், எனக்கு எட்டு பேட் மட்டும் மிஞ்சும். மாமாவிடம் இரண்டு விலை சொல்லலாமா என்று யோசிக்கிறேன், ஆளோடு ஒன்று, ஆளில்லாமல் ஒன்று, இடையில் வித்தியாசத்தைச் சின்னதாக வைத்து. நீ கணக்குப் படித்தவன், சொல்லு.

இதோடு ஒரு பதிவு அனுப்புகிறேன். பாதி அவன் கை, பாதி பேட். எது எங்கே என்று கண்டுபிடித்து எழுது, கிட்டார்க்காரனுக்குக் காட்ட வேண்டும். அக்காவைக் கேட்டதாகச் சொல்லு.