சென்சாரை மாற்றுமுன் ஒயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் கார் பராமரிப்புக் குறிப்புகளில், ‘எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் செய்து, அது காட்டும் சென்சாரை மாற்றிவிடுங்கள்’ என்று ஒரு வரி வந்திருந்தது. அப்படித்தான் மாற்றினேன். ஏழு மாதத்தில் இரண்டு தடவை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கார் மெக்கானிக் இல்லை. தொலைபேசித் துறையில் 31 வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோவில்பட்டியில் வீடு. 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை மனைவியைக் கண் பரிசோதனைக்குத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போக, அப்புறம் கல்யாணம், காதுகுத்து என்று பக்கத்து ஊர்களுக்குப் போய்வர.

போன ஆடியில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு முதலில் எரிந்தது. கூடவே இன்னொரு கூத்து. காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து அரை நிமிடம்கூட ஆகாது, ரேடியேட்டர் ஃபேன் பேய் பிடித்த மாதிரி சுற்றத் தொடங்கிவிடும். எஞ்சின் இன்னும் வெதுவெதுப்புகூட ஆகியிருக்காது. சைலன்சர் பக்கம் போனால் பெட்ரோல் வாடை.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு தம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். பி 0118 என்று ஒரு கோளாறு எண்ணை, அதாவது ‘கோடு’ (code) ஒன்றைக் காட்டியது. “சார், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் போயிடுச்சு” என்றார். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் எவ்வளவு சூடு என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சாமான் அது. இருபது நிமிடத்தில் புதுசு மாட்டி, அந்தக் கோடை அழித்து, விளக்கை அணைத்துக் கொடுத்துவிட்டார். எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். ஐந்து வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் கயத்தாறு தாண்டியதும் அதே விளக்கு. வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அதே கோடு. “முன்னாடி போட்டது டூப்ளிகேட், ஒரிஜினல் போட்டாத்தான் நிக்கும்” என்றார்கள். போட்டார்கள். கழற்றியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். தை மாதம் மறுபடியும் விளக்கு.

மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. இதே வேலையைத்தானே நான் 31 வருடம் செய்தேன்! ஒரு வீட்டில் போன் ‘டெட்’ என்று புகார் வந்தால், எடுத்த எடுப்பில் டெலிபோன் கருவியை மாற்ற மாட்டோம். முதலில் எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனை டெஸ்ட் பண்ணுவோம். ஒயர் அறுந்திருந்தால் அதற்கு எங்கள் பாஷையில் ‘டிஸ்’. ஒயர் எங்காவது மண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் ‘எர்த்’. இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கருவியைத் தொடுவோம். மழைக்காலத்தில் வரும் பத்துப் புகாரில் கருவி கெட்டது ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

காரிலும் அதே கதைதான் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த சென்சாருக்கு இரண்டே ஒயர். உள்ளே இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்னத் துண்டு. காரின் கம்ப்யூட்டர் ஒரு ஒயரில் 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் வழியாக அது எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துத்தான் சூட்டைக் கணக்கிடுகிறது. நடுவில் ஒயர் அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். தடை எல்லையில்லாமல் இருக்கிறது என்றால் பயங்கரக் குளிர் என்று கம்ப்யூட்டர் அர்த்தம் செய்துகொள்ளும். அதற்குத்தான் பி 0118. ஒயர் பாடியில் பட்டு எர்த் ஆனால் பி 0117. அதாவது என் பாஷையில் பி 0118 என்றால் ‘டிஸ்’. சென்சார், ஒயர், கனெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்த ஒரு வட்டத்தில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்றுதான் அந்தக் கோடு சொல்கிறது. சென்சார் செத்துப்போச்சு என்று அது சொல்லவே இல்லை. அப்படிப் படித்தது நாம்.

ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு புளூடூத் கருவி வாங்கினேன். அதை அந்த 16 பின் சாக்கெட்டில் செருகிவிட்டால் செல்போனிலேயே எல்லா ரீடிங்கும் தெரியும். நம் ஊரில் விற்கும் கார்களில் இப்படிக் கார் தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஓபிடி-2 ஏற்பாடு 2013 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலேயே வந்துவிட்டதாம். என் காரில் சூடு காட்டும் முள்ளே கிடையாது, எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். எஞ்சின் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை ஒன்பது வருடத்துக்கு மேல் பார்க்காமலே ஓட்டியிருக்கிறேன். விளக்கு எரியும்போது போனைப் பார்த்தால் மைனஸ் 40 டிகிரி. கோவில்பட்டியில், மாசி மாதம், பகல் ஒரு மணிக்கு! ஒயர் அறுந்தால் கம்ப்யூட்டர் போய் நிற்கும் கடைசி எண் அது. எஞ்சினின் உண்மையான சூடு தெரியாமல் போனதால்தான் எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை விடாமல் சுற்றவிட்டிருக்கிறது. அதன் புத்தியில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து, ‘டூப்ளிகேட்’ என்று கழற்றிப்போட்ட சென்சாரை எடுத்தேன். மின்தடை அளக்கும் மல்டிமீட்டரில் வைத்தால் சும்மா இருக்கும்போது 1,600 ஓம் சொச்சம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி முனையை முக்கினேன். 900, 600, 400 என்று மடமடவென இறங்கி 300 பக்கத்தில் நின்றது. இந்த வகை சென்சார் 20 டிகிரியில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓமும் 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்க வேண்டும். ஆக அது நல்ல சரக்கு. “காபி டம்ளர்ல என்னத்தப் போட்டு வச்சிருக்கீங்க” என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

சரி, அப்படியென்றால் ஒயர்தான். எஞ்சினை ஓடவிட்டு, பேரனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துப் போனைக் கையில் கொடுத்தேன். நம்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் அவன் வேலை. ஃபேன் பக்கம் கையை விடாமல், கனெக்டரில் தொடங்கி ஒயரை ஒரு சாண், ஒரு சாணாக அசைத்துக்கொண்டே வந்தேன். “எண்பத்தாறு... எண்பத்தாறு... எண்பத்தேழு...” பேட்டரித் தட்டுக்குக் கீழே ஒயர்க் கட்டு வளையும் இடத்தைத் தொட்டதும் “தாத்தா, மைனஸ் நாற்பது!” என்று கத்தினான். விட்டால் எண்பத்தேழு. அசைத்தால் மைனஸ் நாற்பது.

எஞ்சினை நிறுத்தி டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். மேலுக்கு ஒயரில் ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் லைனில் செய்கிற வித்தை ஒன்று உண்டு. சந்தேகப்படும் இடத்துக்கு இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். உள்ளே செம்பு நன்றாக இருந்தால் ஒயர் விறைப்பாக நிற்கும். செம்பு ஒடிந்திருந்தால் மேல் உறை மட்டும் ரப்பர் மாதிரி நீளும். நீண்டது. உறையைச் சீவினால் செம்பு ஒடிந்து, முனைகள் பச்சை பிடித்துக் கிடந்தன. இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும் வரை விளக்கு எரியாது. ஸ்பீடு பிரேக்கரில் எஞ்சின் ஆடினால் பிரிந்துவிடும். இரண்டு வருடம் முன்பு பேட்டரி மாற்றியபோது அந்தக் கட்டைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, ஒயர் இறுக்கமாக இழுபட்டிருக்கிறது. சென்சாரை மாற்றியபோதெல்லாம் கை பட்டு ஒயர் அசைந்ததில் முனைகள் மறுபடி ஒட்டிக்கொண்டன. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் ‘சரியாகிவிட்டது’.

பச்சை பிடித்ததை வெட்டிவிட்டு, ஒரு விரல்கடை புது ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் என்னும் காப்பு உறை போட்டேன். சால்டர் வைத்த இடம் விறைத்துப்போய் அதன் ஓரத்திலேயே திரும்ப ஒடியும் என்பதால், கொஞ்சம் தளர்வு விட்டுப் பக்கத்துக் கட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ஸ்லீவுக்கும் டைக்கும் 40 ரூபாய். நான்கு மாதமாக விளக்கு எரியவில்லை.

அந்த மெக்கானிக் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாசலில் ஆறு வண்டி நிற்கும்போது ஒயரை சாண் சாணாக அசைத்துப் பார்க்க யாருக்கு நேரம்? அசைத்துப் பார்த்ததற்கு பில் போட்டால் நாமே “ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசு?” என்று கேட்போம். சாமான் மாற்றினால்தான் காசு கொடுப்பது என்று பழகிவிட்டோம். எலக்ட்ரிக்கல் சாமானைக் கடையில் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். அவர்கள் ஊகம் தப்பினால் நஷ்டம் முழுக்க நமக்கு. சோதனைக்குத் தனிக் கூலி என்று முதலிலேயே பேசிக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் லாபம். எனக்கு 300 ரூபாய் கேட்டிருந்தால்கூட சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

எனக்கு வருத்தம் ஒன்றில்தான். இரண்டு இடத்திலும் அந்தக் கோடை அழித்துவிட்டார்கள். கோளாறு விழுந்த நொடியில் வேகம் என்ன, எஞ்சின் எத்தனை சுற்று, சூடு எவ்வளவு என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பதிந்துவைக்கிறது. கோடை அழித்தால் அதுவும் போய்விடும். திருட்டு நடந்த வீட்டை, போலீஸ் வருமுன் கூட்டித் துடைத்து வைத்த மாதிரி.

சென்சார் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. கெடும். மழைக்காலத்தில் எலி கடித்த ஒயரும் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தாலோ நீராவி கிளம்பினாலோ ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஆனால் ஒரே கோடு இரண்டாவது முறை வந்தால் மூன்றாவது சென்சார் வாங்காதீர்கள். மாற்றுவதற்கு முன் என்ன ரீடிங் இருந்தது, கனெக்டரில் 5 வோல்ட் வந்ததா, இந்த இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ஞாயிறு இதழில் அந்தக் குறிப்பைத் திருத்தி, ‘அது காட்டும் சென்சாரையும் அதன் ஒயரையும் சோதித்த பிறகு’ என்று போட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி லைன்மேன்,
கோவில்பட்டி.