சிப்பிப்பாறையா, பக் நாயா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

எந்த நாய் வாங்கலாம் என்று போன வாரம் நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். பின்னால் கவிதா ஒன்று சொல்ல, பாப்பா ஒன்று கத்த, நீ "அக்கா, நீயே தீர்ப்புச் சொல்லு" என்று வைத்துவிட்டாய். இதே கேள்வியோடு மாதம் இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உனக்குச் சிப்பிப்பாறை வேட்டை நாய் வேண்டும், கவிதாவுக்குச் சப்பை மூக்கு பக் வேண்டும். உன் காரணம் எனக்குத் தெரியும்: நம்ம ஊர் நாய். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பெயர் சொன்ன பிறகு, சாத்தூர் பக்கம் குட்டி கிடைக்குமா என்று எனக்கே எத்தனை பேர் கேட்டார்கள்! (2005இல் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்கு இல்லை. அந்த வருத்தம் நம்ம பக்கத்து ஆட்களுக்கு இன்னும் உண்டு.) ஆனால் பெருமை காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து நாயை அவிழ்த்துக்கொண்டு போகாது.

நீ விடுதியில் படித்தவன். லீவுக்கு வந்து கொஞ்சிவிட்டுப் போவாய். அப்பா வளர்த்த நாயோடு கரிசக்காட்டில் தினமும் ஓடியது நான். இப்போது என்னிடம் இருக்கும் சிப்பிப்பாறை செவலைக்கும் அதே குணம். மோப்பத்தைவிடக் கண்ணை நம்புகிற சாதி அது. தூரத்தில் எது அசைந்தாலும் காது நிமிரும், உடம்பு வில்லாக வளையும், அடுத்த நொடி ஆள் இருக்காது. முயலுக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த உடம்பு. முயல் வேட்டை இப்போது சட்டப்படி குற்றம் என்பது அதற்கு யார் சொல்லிப் புரியவைப்பது? போன தை மாதம் ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்து அது பாய்ந்ததில் கயிறு உருவி என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. ஓட ஆரம்பித்த பிறகு அதற்கு நாம் கிடையாது. உங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் எத்தனை பூனை சுற்றுகிறது என்று எண்ணிப் பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கவிதா இதை நம்பமாட்டாள். காலையில் நன்றாக ஓடிவிட்டு வந்தால் செவலை பகல் முழுக்கத் தூங்குகிறது. கூடம் அதற்குப் போதும். சும்மா குரைப்பதில்லை. முடி குட்டை என்பதால் நாற்றம் இல்லை, உதிர்வதும் கொஞ்சம்தான். சித்திரை வெயிலுக்கு அசராது, மார்கழியில்தான் நடுங்கும். உடம்பில் கொழுப்பே கிடையாதே. விலா எலும்பு தெரிவதைப் பார்த்து வீட்டுக்கு வருகிறவர்கள் "சோறு போடுவதில்லையா?" என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனால் மட்டும் இது ஒல்லி வேட்டை இனம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில மயக்க மருந்துகள் இவற்றுக்குச் சீக்கிரம் தெளியாது.

இனி பக். கவிதாவைக் குறை சொல்லமாட்டேன். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் அந்தப் பையன் பின்னாலேயே பக் நடந்ததைப் பார்த்து மயங்காதவர் யார்? குணத்தில் தங்கம். பாப்பா காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஏழெட்டுக் கிலோதான், யாரையும் இழுத்துத் தள்ளாது. குணத்துக்காக மட்டும் என்றால் நான் பக் என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த மூஞ்சி. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கிற ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்க வேண்டும். பக்குக்கு மனிதர்கள் மூக்கைச் சுருக்கிச் சுருக்கி, அந்த வழியையே அடைத்துவிட்டோம். மூக்குத் துவாரம் சின்னது. உள்ளே மேலண்ணத் தசை நீண்டு மூச்சுக்குழல் வாயில் தொங்குகிறது. எல்லாரும் ரசித்துச் சிரிக்கிற அந்தக் குறட்டை, மூச்சுக்கு அது படுகிற பாடு. பல விமான நிறுவனங்கள் சப்பை மூக்கு நாய்களை ஏற்றத் தயங்குவதும் இதனால்தான். சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். காற்றே ஈரமாக இருந்தால் நாக்கு ஈரம் எங்கே ஆவியாகும்? என்னோடு வேலை பார்க்கிறவர் வீட்டு பக் ஒரு மதியம் கரண்ட் போன இரண்டு மணி நேரத்தில் நாக்கு நீலமாகி விழுந்தது. ஈரத்துண்டைப் போட்டு விசிறிக்கொண்டே தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தது. அதிலிருந்து அவர் ஏசியை அணைப்பதில்லை.

இதையெல்லாம் விட்டுவிடு. நீங்கள் இரண்டு பேரும் பேசாத ஒன்று இருக்கிறது. காலை எட்டரைக்கு நீயும் கவிதாவும் கிளம்பிவிடுகிறீர்கள், பாப்பா பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். மாலை ஏழுவரை வீட்டில் இருப்பது அம்மா. எந்த நாய் வந்தாலும் அது அம்மாவின் நாய்தான். அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா?

நான் கேட்டேன். "எதுவானாலும் சரி, என் காலைச் சுற்றாமல் இருந்தால் போதும்" என்றாள். பக் காலைத்தான் சுற்றும். அம்மாவும் சும்மா இருப்பாளா? பிஸ்கட், முறுக்கு, தயிர்சாதம் என்று ஊட்டுவாள். ஆறு மாதத்தில் உருளையாகும். பருத்த பக்குக்கு மூச்சு இன்னும் முட்டும். சிப்பிப்பாறை என்றால் அம்மா கையில் ஒருநாளும் கயிறு போகக்கூடாது. பூனை ஒன்று குறுக்கே ஓடினால், ஆபரேஷன் செய்த அந்த முழங்காலோடு அம்மா தரையில் கிடப்பாள்.

ஆகவே தீர்ப்பு: பக் வேண்டாம். கவிதா என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. சிப்பிப்பாறை வாங்கலாம், குட்டியாக வேண்டாம். பகலில் அது கடித்துக் குதறுவதை அம்மா ஒருத்தியால் சமாளிக்க முடியாது. வளர்க்க முடியாமல் திருப்பிக் கொடுக்கிற இரண்டு, மூன்று வயதுப் பெட்டைகள் இங்கே வருவதுண்டு. சங்கிலியிலேயே கிடந்ததாக இல்லாமல், ஆள் பழகியதாக ஒன்றைப் பார்த்துச் சொல்கிறேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம் இரண்டும் உன் வேலை. காலை ஓட்டமும் உன் வேலை, மழை பெய்தாலும்.

ஆனால் இப்போதே இல்லை. பரீட்சை லீவுக்கு எல்லாரும் இங்கே வாருங்கள். ஐந்து நாள் விடியற்காலையில் செவலையின் கயிறு உன் கையில். மூன்றாம் நாள் நான் எழுப்பாமல் நீயாக எழுந்திருக்கிறாயா என்று பார்க்கிறேன். கவிதாவிடம் பழைய போர்வை ஒன்று எடுத்துவரச் சொல். செவலை போன வாரம்தான் அதன் போர்வையைக் கிழித்து வைத்திருக்கிறது.

அன்புடன்,
அக்கா