இன்று வேலைக்கு வந்துவிட்டேன்

அன்புள்ள எல்லோருக்கும்,

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி வேண்டாம், இட்லி கொடு என்று கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டார். நான் இன்று வேலையில் சேர்ந்துவிட்டேன். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லாமல் இன்றைய பொழுதை முடிக்க மனசு வரவில்லை.

கேள்விப்பட்டதும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு ஓடிவந்து ரத்தம் கொடுத்த பிள்ளைகள், அந்த ராத்திரியில் செஞ்சியிலிருந்து வண்டி ஓட்டிவந்து டீசல் காசுகூட வாங்காத தம்பி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய பக்கத்து வீட்டு அக்கா, வார்டில் இருந்த செவிலியர்கள், கிராமக் கணக்குகளை வருஷா வருஷம் தணிக்கை செய்கிற ஜமாபந்தி நடக்கிற நேரத்திலும் மறு பேச்சில்லாமல் விடுப்பு கொடுத்த வட்டாட்சியர் ஐயா, உங்கள் எல்லோருக்கும் என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

எங்கள் அலுவலகத்துப் பதிவறை அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியாக வேண்டும். அதிகம் பேசாத மனிதர். கோப்பு கேட்டால் எடுத்துக் கொடுப்பார், கையெழுத்து வாங்குவார், அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம். அவர் தினமும் சாயங்காலம் அலுவலகம் பூட்டுகிற நேரத்துக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். ஒன்றை அப்படியே எழுதுகிறேன்:

“மேடம், இன்னைக்கு நில அளவைச் சங்கிலியெல்லாம் கொண்டாந்து போட்டு அளந்து பாத்தாங்க. எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு கிராமக் கணக்குல கூட்டுத்தொகை விட்டுப்போச்சு, வி.ஏ.ஓ. உக்காந்து திருத்திக் கொடுத்தாரு. மத்தியானம் கரண்டு போச்சு. உங்க மேசை மேல மழைத்தண்ணி சொட்டிச்சு, தன்பதிவேட்ட எடுத்து என் பீரோவுல வெச்சிட்டேன். சரி மேடம், வைக்கிறேன்.”

தன்பதிவேடு என்பது என் மேசைக்கு வருகிற தபால்களைக் குறித்துவைக்கிற பதிவேடு. அண்ணனின் பதிவுகள் எல்லாமே இப்படித்தான் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மற்றவர்கள் அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, சொல்லும்போதே அழுகை வந்தது. அண்ணனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்து கேட்பேன். கரண்டு போனதே பெரிய சேதியாக இருக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே எனக்கு ஒரு நாற்காலியும் இருக்கிறது என்ற நினைப்பில்தான் கொஞ்சமாவது கண்ணை மூடினேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு என் வீட்டுக்காரரும் அந்தக் குரல் பதிவுகளைக் கேட்க ஆரம்பித்தார். ஒரு சாயங்காலம் தானாகவே, “குடிகள் மாநாடு முடிஞ்சிதாமா?” என்றார். ஜமாபந்தியின் கடைசியில் மக்களைக் கூட்டி நடத்துகிற கூட்டம் அது. அத்தனை நாளுக்குப் பிறகு உடம்பைப் பற்றி இல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இன்று காலை மேசைக்கு வந்தால் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று மனுக்கள் அடுக்கியிருந்தன. ஜூலை பிறந்ததும் வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி 1435 தொடங்கிவிட்டது. அந்த எண்ணைப் பதிவேட்டில் நான் எழுதுவது இன்றுதான் முதல் தடவை. எழுதும்போது கை நடுங்கியது, சந்தோஷத்தில். அண்ணன் தன்பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். “தண்ணி படல மேடம்” என்றார். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் பதிவறைக்குப் போய்விட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணே, உங்கள் குரல் பதிவு ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை.

இனி எங்கள் அலுவலகத்தில் யார் வீட்டில் யார் படுத்தாலும், அன்றாடம் நடந்ததைச் சொல்லி அனுப்புகிற வேலை என்னுடையது. அப்புறம், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கலாம், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும் என்று ரத்த வங்கியில் சொன்னார்கள். எனக்கு இப்போது அவ்வளவு இல்லை. முருங்கைக்கீரையும் மாத்திரையுமாக ஏற்றிக்கொண்டு வந்து பெயர் கொடுக்கிறேன். யாருக்குத் தேவை என்றாலும் கூப்பிடுங்கள்.