செல்டாவில் ரத்தம் கேட்கும் நண்பர்களுக்கு

அன்புள்ள செல்டா ரசிகர்களே,

'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' 1986ல் தொடங்கிய வீடியோ கேம் தொடர். அன்று அதை விளையாடிய பிள்ளைகளுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. அதனால் இனி கதாநாயகன் லிங்கின் வாளிலும் ரத்தம் சொட்ட வேண்டும், கேமும் நம்மோடு சேர்ந்து வளர வேண்டும் என்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

நான் தண்டையார்பேட்டைக்காரன். எங்கள் பக்கத்தை சினிமாவில் எப்படிக் காட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கேமரா வியாசர்பாடிக்குள் நுழைந்தாலே கத்தி வந்துவிடும். நாலு வெட்டு விழுந்தால் "செம ராவா எடுத்திருக்கான்யா" என்று பாராட்டு. அதே தெருவில் விடியற்காலை பசங்க ஃபுட்பால் ஆடுவதும், கேரம் போர்டைச் சுற்றி பெரிசுகள் ரெட்டுக்கு ஃபாலோ போட்டாயா இல்லையா என்று மல்லுக்கட்டுவதும் யதார்த்தக் கணக்கில் சேராது. அதனால் ரத்தம் இருந்தால்தான் பெரியவர்கள் சமாச்சாரம் என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வரும். சொந்தக் கோபம்தான், மறைக்கவில்லை.

செல்டாவில் இருட்டு இல்லை என்று யார் சொன்னது? 1998ல் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' கேமில் லிங்க் ஏழு வருடம் தூங்கி எழுந்து கோட்டைச் சந்தைக்குப் போகிறான். முன்பு ஒரு ஜோடி கைகோத்து ஆடிக்கொண்டிருந்த இடத்தில் ரீடெட் என்னும் நடைபிணங்கள் நிற்கின்றன. ஒன்று கத்தினால் போதும், லிங்க் அப்படியே உறைந்துவிடுவான். ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. அதே கேமின் முடிவில் வில்லன் கேனன்டார்ஃப் கக்கும் ரத்தம், முதலில் வந்த கேட்ரிட்ஜ்களில் சிவப்பு, பிறகு பச்சையாக்கிவிட்டார்கள். அதனால் அந்தச் சண்டையில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

2000ல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' இன்னும் ஒரு படி மேலே. மூன்று நாளில் நிலா ஊர் மேல் விழப்போகிறது. பண்ணை வீட்டில் அக்கா க்ரீமியா, பெரியவர்கள் மட்டுமே குடிக்கும் பாலை கடைசி நாளில் தங்கை ரோமனிக்குத் தருகிறாள். இன்று என்கூடவே படுத்துக்கொள் என்கிறாள். தங்கைக்கு ஒரே குஷி. அக்காவுக்கு விஷயம் தெரியும். என் அக்கா மகள் இதை விளையாடியபோது "ஹை, அவளுக்கும் பால் கிடைச்சிருச்சு" என்று சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா வாயே திறக்கவில்லை. ஒரே காட்சி, ஒரே சோபா. அமெரிக்காவில் இந்த கேமுக்குக் கிடைத்த தரச்சான்று 'எல்லாருக்கும்'. நீங்கள் கேட்கும் வெட்டுக்குத்தைச் சேர்த்தால் முதலில் அந்தச் சோபாவிலிருந்து எழுந்து போக வேண்டியது சின்னவள்தான்.

2006ன் 'ட்விலைட் பிரின்சஸ்' அமெரிக்காவில் பதின்வயதினருக்கான சான்று வாங்கியதே என்பீர்கள். சரி, எனக்கும் பிடித்த கேம்தான். ஆனால் அதில் மனதில் நிற்பது லிங்கோடு கூடவே வரும் மிட்னா, வாள்வீச்சு இல்லை. அப்புறம், கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று ஒரு காலத்தில் திட்டித் தீர்த்தார்களே, அந்த 'விண்ட் வேக்கர்' கேமின் முடிவில் கேனன்டார்ஃப் மேல் வாள் எங்கே இறங்குகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்களுக்கு உண்மையில் சலிப்பு தட்டுவது கேம் சுலபமாகிவிட்டதால்தான் என்று நினைக்கிறேன். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமுக்கு 2017ல் கூடுதலாக விற்ற பகுதியில் மாஸ்டர் மோட் என்று ஒரு கடினமான ஆட்டமுறை கொடுத்தார்கள். எதிரிகளைச் சும்மா விட்டால் அவர்களுக்கு உயிர் ஏறிக்கொண்டே இருக்கும். 2023ல் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேமில் அது இல்லை. அதைக் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு செல்டா ரசிகன்