அச்சடித்து ஸ்கேன் செய்யாதீர்கள்: அரசு இணையதளங்களைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக அரசுத் துறைகளின் இணையதளங்களைப் பராமரிக்கும் அலுவலர்களுக்கும், அவற்றை வடிவமைத்துத் தரும் மென்பொருள் குழுவினருக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லை. கணினியை என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் துணையோடு பயன்படுத்துகிறேன். திரையில் உள்ளதை அது குரலில் வாசிக்கும், நான் விசைப்பலகையை மட்டும் வைத்து வேலை செய்வேன். பாடக்குறிப்பு எழுதுவது, மதிப்பெண் பதிவது, வங்கிக் கணக்கு பார்ப்பது எல்லாம் அதில்தான். அது இலவச மென்பொருள், தமிழும் வாசிக்கும். எங்கள் கையில் கருவி இருக்கிறது. நீங்கள் ஏற்றிவைக்கும் கோப்பில்தான் அது நின்றுவிடுகிறது.

கடந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்த என் மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கும் பார்வை கிடையாது. ஒரு துறையின் கல்வி உதவித்தொகை அறிவிப்பு வந்திருக்கிறதாம். "சார், அந்த பிடிஎஃப் எனக்கு எதுவுமே வாசிக்க மாட்டேங்குது" என்றாள். நானும் திறந்தேன். "பிளாங்க்" என்றது என்விடிஏ. அடுத்த பக்கம், மறுபடியும் "பிளாங்க்". ஆறு பக்கமும் அப்படியே. பக்கத்து மேசை ஆசிரியையிடம் காட்டியபோது, "பக்கம் பூரா எழுத்து இருக்கே சார், கொஞ்சம் சாய்வா ஸ்கேன் பண்ணியிருக்காங்க" என்றார். வகுப்பை முடித்து வந்து பொறுமையாக வாசித்துக் காட்டினார். கடைசித் தேதி நான்காம் பக்கத்தில் இருந்தது. அது முந்தின நாளோடு முடிந்திருந்தது.

அந்தக் கோப்பு எப்படி உருவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து கணினியில் தட்டச்சு செய்தார். அந்த நிமிடம் வரை ஒவ்வொரு எழுத்தும் என் கணினியால் வாசிக்கக்கூடிய எழுத்துதான். அப்புறம் அச்செடுத்தார்கள், கையெழுத்தும் முத்திரையும் வாங்கினார்கள், அந்தத் தாளை ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். எழுத்தாக இருந்தது வெறும் படமாகிவிட்டது. கூடுதல் உழைப்பு போட்டுத்தான் எங்களுக்குக் கதவை அடைத்திருக்கிறீர்கள். கையெழுத்திட்ட நகல் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும், வேண்டுமானால் அதையும் ஏற்றுங்கள். கூடவே, தட்டச்சு செய்த அந்தக் கோப்பை நேரடியாக பிடிஎஃப் ஆகச் சேமித்துப் போடுங்கள். இந்த மடலில் நான் கேட்பவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். நானும் வைத்திருக்கிறேன். கதை வாசிக்க அது போதும். ஆனால் அட்டவணை வந்தால் வரிசை கலைந்துவிடும், சாய்ந்த பக்கத்தில் 3 எது 8 எது என்று தடுமாறும். வருமான வரம்பையும் கடைசித் தேதியையும் அதை நம்பி ஒரு மாணவிக்கு நான் சொல்ல முடியாது.

இன்னொரு வகைக் கோப்பு உண்டு. அதில் எழுத்து இருக்கும், ஆனால் தமிழ் இருக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கை ஒன்றைத் திறந்தபோது புரியாத ஓசையாக வந்தது. ஒரு சொல்லில் நின்று எழுத்து எழுத்தாக நகர்த்திக் கேட்டேன். ஜே, கே, பி, ஓ, செமிகோலன். அது என்ன சொல் தெரியுமா? தமிழ். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவது அந்த ஐந்து ஆங்கில விசைகள்தான். பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழ், கேட்பவர் காதுக்கு ஜே கே பி ஓ. தமிழ் கற்பித்து வாழ்கிற எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே பதியும் ஒருங்குறியை (யுனிகோட்) தமிழக அரசு ஏற்றுக்கொண்டது 2010-இல். அதன் பிறகும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஏன் இணையதளத்துக்கு வர வேண்டும்?

அடுத்து விண்ணப்பப் படிவங்கள். பெட்டிக்கு மேலே 'தந்தை பெயர்' என்று எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை நிரலில் பெட்டியோடு இணைக்காவிட்டால் எனக்கு "எடிட், பிளாங்க்" என்று மட்டும்தான் கேட்கும். பன்னிரண்டு பெட்டி இருந்தால் பன்னிரண்டு முறையும் அதேதான். எதில் பிறந்த தேதி, எதில் ஆதார் எண் என்று ஊகித்து நிரப்ப வேண்டும். எப்படியோ முடித்துக் கீழே வந்தால், படத்தில் உள்ள எழுத்துகளை உள்ளிடு என்று கேப்ட்சா நிற்கும். ஒலி வடிவம் இருக்காது.

அதனால் பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்க, என் வங்கிக் கணக்கு எண்ணையும் ஓடிபியையும் சத்தமாகச் சொல்கிறேன். கடவுச்சொல்லையும் அந்த சென்டர்காரரே வைத்துத் தருகிறார். நல்ல மனிதர்தான். ஆனால் என் கணக்கின் சாவி இன்னொருவர் கையில் இருக்கிறது.

பல அரசு இணையதளங்களில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானும், திரைவாசிப்பான்களைத் தரவிறக்கும் இணைப்புகள் கொண்ட ஒரு பக்கமும் இருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்குவது குறைபார்வை உள்ளவர்களுக்கு உதவும், இருக்கட்டும். ஆனால் தரவிறக்கப் பக்கம் வரை வந்து அதை வாசிப்பவரிடம் திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்குத் தேவை, அது வாசிக்கக்கூடிய உள்ளடக்கம்.

பார்வையற்றோர் பற்றியே பேசுகிறேன், எனக்குத் தெரிந்தது அது. செவித்திறன் குறைந்த என் நண்பருக்கு உங்கள் விளக்கக் காணொளிகளில் எழுத்து வரிகள் வேண்டும். கை நடுங்குபவர்களுக்கு மவுஸ் இல்லாமல் இயங்கும் பக்கமும், அவசரப்படுத்தாத நேர வரம்பும் வேண்டும்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 42-ஆவது பிரிவு தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றியே பேசுகிறது. 2017-இல் வந்த விதிகளிலேயே, இணையதளத்தில் போடும் ஆவணங்கள் இ-பப் என்ற மின்னூல் வடிவமாகவோ எழுத்தை அடையாளம் காணக்கூடிய பிடிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இவையெல்லாம் பரிந்துரை அளவில் நிற்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அமில வீச்சில் கண்கள் சிதைந்த ஒரு பெண்ணிடம், வங்கிக் கணக்கு தொடங்க, கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவர் தொடுத்த வழக்கில்தான், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம் சொன்னது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். எங்கள் உதவித்தொகையும், அடையாள அட்டையும், தேர்வு அறிவிப்பும் உங்கள் கை வழியாகத்தான் வருகின்றன.

ஒரு கோப்பை ஏற்றும் முன் அதில் ஒரு சொல்லை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சொல் தேர்வாகவில்லை என்றால் அது படம். தேர்வானால், நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள். தமிழாகவே ஒட்டினால் சரி. அரை நிமிட வேலை. புதிய படிவத்தை வெளியிடும் முன் எங்களில் இருவரைக் கூப்பிட்டு நிரப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி. லேப்டாப்பையும் ஹெட்போனையும் நானே எடுத்து வருகிறேன், அந்த மாணவியையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர்