என் உள்ளங்கையில் கல் வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

சம்பூர், மூதூர், நிலாவெளி, திருகோணமலை நகரம் என்று பரந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்வதுதான் முறை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டீர்கள். அதனால் யாருடைய பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே விளங்கும்.

என் கதை சம்பூர்க்காரருக்குப் புதிதில்லை. 2006 சித்திரையில், போர் நாட்களில், வானத்திலிருந்து குண்டு விழுந்தது. பிறகு வெருகல் தாண்டி வாகரை, மட்டக்களப்பு, கடைசியில் கிளிவெட்டி முகாம். சொந்தக் காணியில் திரும்பக் கால் வைக்க 2016 ஆகிவிட்டது. ஓடித் திரிந்த காலம் முழுக்கத் தாங்கிய உடம்பு, வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகுதான் ஆடத் தொடங்கியது. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் சீனக்குடா விமானத் தளம். அங்கிருந்து ஒரு விமானம் கிளம்பினால் போதும், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற எனக்குக் கை விறைக்கும், மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடும். பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பாடத்தில் இல்லை, பதுங்குகுழியில் இருப்பேன்.

முதல் நன்றி எங்கள் உப அதிபருக்கு. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் என் வகுப்புக்குள் வந்து, நான் விட்ட வரியிலிருந்து பாடத்தைத் தொடர்ந்தீர்கள். "டீச்சர் தண்ணி குடிச்சிட்டு வரட்டும்" என்று பிள்ளைகளிடம் சொன்னீர்கள். எத்தனை தரம் அப்படிச் செய்தீர்கள் என்று நீங்களும் எண்ணியிருக்க மாட்டீர்கள்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தராக இருக்கும் தங்கச்சிக்கு என்ன சொல்வது? அதுவரை எல்லோரும் என்னைக் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். கண்ணை மூடினால்தான் எனக்கு அந்த நாள் முழுதாக வரும். நீங்கள் ஒருவர்தான் "கண்ணை மூடாதீங்க அக்கா, சுத்திப் பாருங்க" என்றீர்கள். காண்பதில் ஐந்து, தொடுவதில் நான்கு, கேட்பதில் மூன்று, மணப்பதில் இரண்டு, நாக்கில் ஒரு சுவை என்று சொல்லித் தந்தீர்கள். எனக்கு அதில் தொடுகைதான் பிடித்தது. அதைக் கவனித்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து, ஆற்றில் பொறுக்கிய ஒரு கூழாங்கல்லை என் கையில் வைத்தீர்கள். அது இங்கே இருக்கிறது, நானும் இங்கே இருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லச் சொன்னீர்கள். மந்திரமும் இல்லை, பணமும் இல்லை. எனக்கு இருப்பதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு என்று சொல்வார்கள், 1980இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை ஒரு நோயாக எழுதி வைத்துவிட்டது என்று அன்று நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். அதுவரை என்னைச் சிலர் பேய் பிடித்தவள் என்றும் சிலர் நடிக்கிறவள் என்றும் நினைத்திருந்தார்கள்.

நிலாவெளியில் வெளிநாட்டுக்காரருக்குக் கல் விற்கிற அண்ணன், எங்கள் நானா, உங்களுக்கு இந்த மடலில் கூடுதலான இடம் வேண்டும். பேருவளையில் பரம்பரையாகக் கல் வியாபாரம் செய்த குடும்பம் நீங்கள். படிகம் ஒன்று வாங்க வந்திருக்கிறேன் என்றதும் இரண்டு உருண்டைகளை எடுத்து என் கன்னத்தில் ஒவ்வொன்றாக வைத்தீர்கள். ஒன்று சட்டென்று குளிர்ந்தது, மற்றது அவ்வளவில்லை. "குளிருறது கல்லு, மத்தது கண்ணாடி" என்றீர்கள். படிகம் கன்னத்துச் சூட்டைக் கண்ணாடியைவிட வேகமாக இழுத்துக்கொள்ளுமாம். கண்ணாடிக்குள் சின்னக் குமிழி இருப்பதையும், படிகத்தால் கண்ணாடியைக் கீறலாம் என்பதையும் காட்டினீர்கள். செவ்வந்திக்கல்லை வெயிலில் போட்டு வைத்தால் நிறம் வெளிறும், கல் ஊறப்போட்ட தண்ணீரைக் குடிக்கவே கூடாது, பச்சையாக அழகாக இருக்கிற மலக்கைட்டில் செம்பு இருக்கிறது என்றீர்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, மூலை உடைந்ததால் விலைபோகாத ஒரு ரோஸ் நிறப் படிகத்தைச் சும்மா தந்தீர்கள். "மருந்தை கிளினிக்ல எடுங்க டீச்சர், இதைப் பையில வைங்க" என்ற உங்கள் சொல்லை நான் மறக்கவில்லை.

அந்த உடைந்த மூலைதான் எனக்கு உதவியது. மற்றப் பக்கமெல்லாம் வழுவழுப்பு. அந்த இடத்தில் மட்டும் பெருவிரல் நகம் தட்டி நிற்கும். விமானச் சத்தம் கேட்டால் சேலைத் தலைப்புக்குள் கையை விட்டு அந்தச் சொரசொரப்பைத் தேடுவேன். முதலில் குளிர், பிறகு பாரம், பிறகு நகம் தட்டுகிற இடம். கல் மெல்ல மெல்ல என் சூட்டுக்கு வரும். அது முழுக்கச் சூடாவதற்குள் மூச்சு கீழே இறங்கிவிடும். எல்லா நாளும் அப்படி நடப்பதில்லை. நடக்கிற நாட்கள் கூடிக்கொண்டு வருகின்றன.

பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக் டொக்டர் ஐயா, கல்லைக் காட்டியபோது நீங்கள் சிரிக்கவில்லை. கையில் வாங்கிப் பார்த்தீர்கள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் என்ற உளவியலாளர் படிகத்துக்குக் குணமாக்கும் சக்தி உண்டா என்று பார்க்க 80 பேரை வைத்துச் செய்து 2001இல் மாநாடொன்றில் முன்வைத்த பரிசோதனையைச் சொன்னீர்கள். உண்மைப் படிகம் பிடித்தவர்களும் போலிக்கல் பிடித்தவர்களும் ஒரே மாதிரி அனுபவங்களைத்தான் சொன்னார்களாம். "அதனால கல்லை விட்டிர வேணாம், மாத்திரையையும் கதைக்கிறதையும் விட்டிர வேணாம்" என்றீர்கள். என்னை ஏமாற்றாமலும் என் கையிலிருந்ததைப் பறிக்காமலும் பேசினீர்கள். அந்த மரியாதை பெரிது.

மாத்திரையை நிறுத்திவிட்டு விலை கூடிய கல்மாலை ஒன்றை வாங்கச் சொல்லி ஒருவர் விடாமல் தொலைபேசி எடுத்தார். அவருக்குப் பதில் சொன்னது என் தம்பி. அவனுக்கும் நன்றி. பக்கத்து வீட்டு மாமி தன் ஸ்படிக மாலையைக் கோணேசர் சந்நிதியில் வைத்து எடுத்துவந்து என் கழுத்தில் போட்டார். அது நோயை மாற்றும் என்று மாமியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்காக ஒருவர் கோட்டை வாசலிலிருந்து மலை உச்சிவரை முழங்கால் வலியோடு ஏறியிருக்கிறார் என்பது அந்த மாலையைத் தொடும்போதெல்லாம் நினைவுக்கு வரும். கிண்ணியாப் பாலம் வரும்போது வேகத்தைக் குறைக்கிற ஓட்டோத் தம்பியையும் மறக்கவில்லை.

இப்போது எங்கள் பாடசாலையில், ஆசிரியர் அறைக்குப் பக்கத்து மூலையில் ஒரு மண்சட்டி நிறையக் கூழாங்கல் இருக்கிறது. மனம் குழம்பிய பிள்ளை கேட்காமல் ஒன்றை எடுக்கலாம், திருப்பித் தர வேண்டியதில்லை. பக்கத்துச் சுவரில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். பெற்றோரே, அதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லையெல்லாம் கழுவிக் காயவைத்துச் சட்டியை நிரப்புகிற எங்கள் பாடசாலைக் காவலாளி ஐயாவுக்கு என் கடைசி நன்றி. சட்டியில் பாதி குறைந்துவிட்டது ஐயா. நானா ஒரு பை நிறைய உடைந்த படிகம் எடுத்து வைத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமை நிலாவெளிக்குப் போய் நான் வாங்கி வருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
சம்பூரிலிருந்து உங்கள் டீச்சர்