தனுஷ்கோடியில் சில இரவுகள் கேட்டு ஒரு மடல்

இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு,

வணக்கம். இரவில் பாழடைந்த கட்டடங்களைப் படமெடுக்கிறவன் நான். பேய் தேடுகிறவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் சிவப்பு விளக்கை அடித்து, குரலைத் தாழ்த்தி ‘அமானுஷ்யம்’ பேசி வீடியோ போடுகிறவர்கள் வேறு கூட்டம்.

இருட்டிய பிறகு வெளியாட்களை அங்கே விடுவதில்லை. காரணம் புரிகிறது: இருபுறமும் கடல், அக்கரையில் இலங்கை, தளர்ந்த சுவர்கள். தடையை நீக்கச் சொல்லவில்லை. முன்கூட்டி எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிய சிறு குழுக்களுக்கு மட்டும், மாதத்தில் ஓரிரு இரவுகள் விடுங்கள் என்கிறேன்.

பகலில் எடுத்தால் போதாதா? போதாது. உச்சி வெயிலில் அந்தச் சுவர் வெறும் சாம்பல் பரப்பு. முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஷட்டரை 30 விநாடி திறந்துவைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓட்டினால்தான் அது பவளக்கல் என்பதே கண்ணுக்குப் படும். கல்லின் நுண்ணிய துளைகள், இடையே சுண்ணாம்புச் சாந்து, உப்பு தின்ற குழிகள் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் இப்படி எடுத்துவைத்தால், எந்தக் கல் பெயர்கிறது என்று பொறியாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். (கூரையில்லாத தேவாலயத்துக்கு மேலே பால்வெளி தெரிகிற படம் வேண்டும் என்ற என் ஆசையையும் மறைக்கவில்லை.)

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட இந்த ஊரை, மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் அங்கே குடிசை போட்டுத் தொழில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிப் போய் நின்று ‘ஆளில்லாத பேய் நகரம்’ என்கிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். அனுமதி தந்தால், ஒவ்வொரு குழுவோடும் அந்த ஊர்க்காரர் ஒருவர் கூடவே வரட்டும். கட்டணத்தில் அவருக்குக் கூலி போகட்டும்.

நிபந்தனைகள் கடுமையாகவே இருக்கலாம். சுவரில் ஏறக்கூடாது. இரும்புப் பஞ்சைக் கொளுத்திச் சுழற்றித் தீப்பொறி பறக்கவிடும் வித்தை கூடாது. டிரோன் கூடாது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில் கடற்கரைப் பக்கம் வெளிச்சமே போகக்கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டு எதிர்த்திசையில் ஊர்ந்துவிடும். அந்த மாதங்களே வேண்டாம் என்று வனத்துறை சொன்னால் அதற்கும் சம்மதம். எடுக்கும் படங்களில் ஒரு பிரதி மாவட்ட ஆவணத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு இரவு சோதனையாக நடத்திப் பார்க்கலாம். மே மாத அமாவாசை தோதானது. நள்ளிரவு தாண்டினால் பால்வெளி தெற்கே நன்றாக உயர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓர் இரவுப் படக்காரன்